ஏழு மணிக்கு எந்தக் கரண்ட்?

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் சோலார் இருக்கிறது. வெயில் நன்றாக அடித்த நாளில் 12 யூனிட் தரும். ஐப்பசி அடைமழையில் மூன்று யூனிட் வந்தாலே பெரிய விஷயம். மாலை ஆறரைக்கு இன்வெர்ட்டரைப் போய்ப் பார்த்தால் பூஜ்யம் காட்டும். வீட்டில் விளக்கு, டிவி, மிக்ஸி, மாடி அறை ஏசி என்று ஒவ்வொன்றாக ஓடத் தொடங்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான். அப்போது வருகிற கரண்ட் ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய நிலக்கரியில் பிறந்ததாக இருக்கலாம். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம். ஆடி மாதமாக இருந்தால் ஆரல்வாய்மொழிக் காற்றிலிருந்தும் கொஞ்சம் வரும். மாடியில் இருக்கும் என் பேனலிலிருந்து மட்டும் ஒரு துளி வராது.

பள்ளியில் படித்த நினைவு இருக்கும்: நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், மறு பக்கம் புதுப்பிக்க இயலாத ஆற்றல், கீழே நன்மை தீமைகள். காற்றும் வெயிலும் தீராது, மாசு இல்லை. கரி தீரும், புகை வரும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த அட்டவணையில் கடிகாரம் இல்லை. நண்பகல் ஒரு மணி யூனிட்டும் இரவு ஏழு மணி யூனிட்டும் அதில் ஒரே சரக்கு. மல்லிகைப்பூ வியாபாரியிடம் போய், முகூர்த்த நாள் முழமும் சாதாரண நாள் முழமும் ஒன்றுதானே என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தவன் என் மச்சினன். கோவையை அடுத்த சோமனூர் பக்கம் இருபது விசைத்தறி வைத்திருக்கிறான். "மாமா, சோலார் போடறதா, காத்தாடியில பங்கு வாங்கறதா, இல்ல பேசாம ஈ.பி.யவே நம்பி ஜெனரேட்டர் ஒண்ணு வெச்சுக்கறதா?" என்று ஒருநாள் போனில் கேட்டான். காத்தாடி என்று எங்கள் பக்கம் சொல்வது காற்றாலையை. ஜெனரேட்டருக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட்தான் தேறும். லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் என்றால் எண்ணெய்க்கு மட்டுமே யூனிட்டுக்கு இருபத்தைந்து, முப்பது ரூபாய். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதை நம்பித் தறி ஓட்ட முடியாது. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல, தமிழ்நாட்டு மின்சாரம் எங்கிருந்து எப்போது வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

கரியிலிருந்து தொடங்குகிறேன். கரியைத் திட்டுவது சுலபம். அதன் பலம் எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. விலை குறைவு என்பது முழு உண்மை அல்ல. கரியைக் குவித்து வைக்கலாம், அதுதான் விஷயம். தூத்துக்குடி, எண்ணூர், மேட்டூர் அனல்மின் நிலையங்களின் முற்றத்தில் கறுப்பு மலையாகக் கிடப்பது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய மின்சாரம். எரிபொருளே சேமிப்பாகவும் இருக்கிறது. வெயிலுக்கும் காற்றுக்கும் இந்த வசதி கிடையாது. வருகிறபோது பிடித்தால் உண்டு.

ஆனால் தமிழ்நாட்டில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி தவிர வேறு கரி வெட்டுவதில்லை. மற்றதெல்லாம் ரயிலேறி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறங்குகிறது. அல்லது இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. ஆயிரம் மெகாவாட் நிலையம் ஒன்று முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக என்று கணக்குப் போட்டாலும் அன்றாடம் பதினாறு, பதினேழாயிரம் டன் கரி வேண்டும். நாலு கூட்ஸ் வண்டிக்கு மேல், தினமும். 2021 அக்டோபரில் நாடு முழுக்கக் கரித் தட்டுப்பாடு வந்ததும், 2022 ஜனவரியில் இந்தோனேசியா ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தி வைத்ததும் இந்தச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதைக் காட்டின.

அந்தக் கரியில் சாம்பலே மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். அப்படியென்றால் அதே நிலையத்திலிருந்து நாளொன்றுக்கு ஐயாயிரம் டன் சாம்பல். சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போனது போக மிச்சம் எங்கே போகும் என்று எண்ணூர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, நண்டும் இறாலும் பிடித்துப் பிழைத்தவர்கள் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 1970-ல் தொடங்கிய எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. அது இறக்கி வைத்த சாம்பல் அதோடு போய்விடவில்லை. கார்பன் கணக்கும் இருக்கிறது: கரியில் ஒரு யூனிட் எடுக்க ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமிலவாயு வெளியேறும். பழுப்பு நிலக்கரியில் அது ஒரு கிலோவையும் தாண்டும்.

நெய்வேலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்துதான் அந்தக் கதை தொடங்கும். 1956-ல் நிறுவனம் உருவானது. தோண்டித் தோண்டி 1961-ல் நிலக்கரிப் படுகையை எட்டினார்கள். 1962-ல் சோவியத் உதவியோடு மின்சாரம் வரத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் ஓடி 2020-ல் ஓய்வு பெற்றது. இயந்திரத்துக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைப்பது அபூர்வம்.

நெய்வேலிக் கரியில் பாதிக்குப் பாதி ஈரம். அதை ரயிலேற்றி அனுப்பினால் தண்ணீரை ஏற்றி அனுப்புகிற மாதிரி. அதனால் தோண்டின இடத்தருகிலேயே எரித்தாக வேண்டும். கப்பல் வேண்டாம், இந்தோனேசியா வேண்டாம், சாம்பலும் குறைவு. சென்னைக்கும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் போகிறது. ஆனால் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிலைக்கும். இல்லையென்றால் தரை பொத்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். சுரங்கம் ஒரே இடத்தில் நிற்கிற தொழிலும் இல்லை. தின்று முடித்த நிலத்தை விட்டு அடுத்த நிலத்துக்கு நகர்ந்தபடியே இருக்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் வரும் நேரத்து நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கிப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பயிரோடு நிலம் போகிற அந்தக் காட்சி யூனிட் விலையில் எந்த வரியிலும் ஏறாது. ஒரு தலைமுறைக்கு முன்பு நிலம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் வேலைக்காக மனு எழுதிக்கொண்டிருப்பதும் ஏறாது.

அணுமின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே வீட்டில் இரண்டு கட்சியாகிவிடுகிறது. கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988-ல் கையெழுத்திட்டார்கள். கட்டுமானம் 2002-ல் தொடங்கியது. முதல் அலகு 2013-ல் மின்கட்டமைப்போடு இணைந்தது. கையெழுத்திலிருந்து கரண்ட் வரை இருபத்தைந்து ஆண்டுகள். முதல் இரண்டு அலகுகளுக்கு 13,171 கோடி என்று போட்ட மதிப்பீடு 22,000 கோடியைத் தாண்டியது. இடிந்தகரை மக்களின் போராட்டமும் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிந்தைய பயமும் ஊரறிந்தவை. மறுபக்கம், ஓடத் தொடங்கிவிட்டால் ஓர் அலகு ஆண்டுக்கு சுமார் 700 கோடி யூனிட் தரும். மழையா வெயிலா என்று பார்க்காது, புகையும் இல்லை. ஆனால் எரிபொருள் மாற்ற அவ்வப்போது நிறுத்தியாக வேண்டும். கோளாறில் திடீரென்று டிரிப் ஆகி நின்றாலோ ஒரே நொடியில் ஆயிரம் மெகாவாட் காணாமல் போகும். கழிவை எத்தனை தலைமுறைக்குக் காவல் காப்பது என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. என் முடிவு: கட்டியது ஓடட்டும், பாதி கட்டியதை முடிக்கட்டும். அதற்கு மேல் புதிதாகக் கையெழுத்துப் போட்டால் அதன் கரண்ட் என் மகள் நாற்பது வயதைத் தொடும்போதுதான் வரும்.

இனி காற்று. பல்லடம், உடுமலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் காத்தாடி ஊர்க் காட்சியில் ஒரு பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி என்று இடைவெளி உள்ள இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் அதில் கரண்ட் எடுக்கலாம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. தொண்ணூறுகளில் வரிச் சலுகைக்காக நூற்பாலைக்காரர்கள் வரிசையாகக் காத்தாடி வாங்கினார்கள். இன்று மாநிலத்தில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. நெடுங்காலம் நாட்டில் முதலிடம். சில ஆண்டுகளுக்கு முன்புதான் குஜராத் முந்தியது.

காற்றின் பெரிய குணம், சீசனில் அது இரவிலும் அடிக்கும். வெயிலைப் போல ஆறரைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போகாது. பெரிய குறை, சீசன் முடிந்ததும் ஆளே காணோம். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கொட்டும். கார்த்திகையில் அதே காத்தாடி படம் எடுத்துப் போடத்தான் உதவும். பத்தாயிரம் மெகாவாட் என்று பேப்பரில் படித்தால் அது எல்லா நாளும் பத்தாயிரம் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய காத்தாடிகளில் ஆண்டுச் சராசரி ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். புதிய உயரமானவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம்.

இந்தச் சீசன் சிக்கலுக்கு மில்காரர்கள் கண்ட வழிதான் பேங்கிங். ஆடியில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் போட்டுவிட்டு, தை மாதம் எடுத்துக்கொள்வது. பேங்க் என்று பெயர் இருந்தாலும் மின்சாரத்தை யாரும் லாக்கரில் வைப்பதில்லை. ஆடியில் போட்டது ஆடியிலேயே செலவாகிவிடும். தையில் எடுப்பது புதிதாகக் கரி எரித்துத் தருவது. அந்த வித்தியாசத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் வாரியத்துக்கும் மில்காரர்களுக்கும் தீராத வழக்கு. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கரண்டைக் கொண்டுபோகும் கம்பி இல்லாமல் போனால் காற்று இருந்தும் பயனில்லை என்பதையும் நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 2012-ல் சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். மின்வெட்டு இருந்த அந்த ஆண்டுகளிலேயே, காற்று சீசனில் கம்பியில் இடமில்லாமல் காத்தாடிகளை நிறுத்தச் சொன்னதும் நடந்தது. தறிகள் நின்று, கூலி நின்று, வட்டி மட்டும் ஓடிய நாட்கள் அவை. பிறகுதான் வெளிமாநிலத் தொடர்புகள் வலுப்பட்டன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் புகலூர் வரை வரும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டக் கம்பியில் 6,000 மெகாவாட் வரை கொண்டுவரலாம். காற்று அதிகமான நாளில் இங்கிருந்து வடக்கேயும் அனுப்பலாம்.

காற்றில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் மிக நல்ல காற்று வீசும் இடங்களில் நிற்பவை பெரும்பாலும் தொண்ணூறுகளில் வைத்த 225, 250 கிலோவாட் குட்டிக் காத்தாடிகள். இப்போது ஒற்றைக் காத்தாடியே இரண்டு, மூன்று மெகாவாட். தலைவாழை இலை போட்டு ஊறுகாய் மட்டும் வைத்த மாதிரி கிடக்கிறது அந்த இடம். பழையதைக் கழற்றிப் புதியதை வைக்கத் தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஒரே இடத்தில் பத்துப் பேருக்குச் சொந்தமான பத்துக் காத்தாடிகள் நிற்பதால் யார் இடத்தில் யார் வைப்பது என்பதில்தான் சிக்கல். புதிய நிலம் தேடுவதற்கு முன் இதை முடித்தால் நல்லது என்பது என் கட்சி.

வெயிலுக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் 2016-ல் முழுதாக ஓடத் தொடங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கர், இருபத்தைந்து லட்சம் பேனல். கட்டி முடிக்க எட்டே மாதம். கூடங்குளத்தின் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். ஆனால் இரண்டும் தரும் யூனிட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கமுதி ஆண்டுக்குத் தோராயமாக 110 கோடி யூனிட்டை ஒட்டித் தரும். கூடங்குளத்து ஓர் அலகின் அளவுக்கு வேண்டுமென்றால் நாலாயிரம் மெகாவாட் சோலார், பதினையாயிரம் ஏக்கர். சீமைக்கருவேலம் மண்டிய வறண்ட பூமிதானே என்று சொல்லிவிடலாம். அங்கே ஆடு மேய்த்தவருக்கும் கரிமூட்டம் போட்டவருக்கும் அது வறண்ட பூமி அல்ல.

கமுதியில் எனக்குப் பெரிய பாடமாகத் தெரிவது அதன் விலை. அந்தக் காலத்தில் மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் சோலார் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று நிர்ணயித்தது, இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்துக்கு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. ஏழு ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டவர்கள் முட்டாள்கள் அல்ல, அன்றைக்கு அதுதான் விலை. ஆனால் வேகமாக மலிகிற சரக்குக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு முன்கூட்டியே விலை பேசினால் இப்படித்தான் ஆகும். கரியில் ஆபத்து நேர் எதிர்: கட்டும்போது விலை தெரியும், எரிக்கும்போது தெரியாது. பேனலுக்கும் இறக்குமதிச் சார்பு இருக்கிறது, சீனச் சரக்கை நம்பியது. ஆனால் பேனலை ஒரு தடவை இறக்கினால் இருபது, இருபத்தைந்து ஆண்டு. கரியை நாள்தோறும் இறக்க வேண்டும். ஆயுள் முடிந்த பேனலை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் பெரிதாக நம் வாசலுக்கு வரவில்லை, வரப்போகிறது.

இப்போது மாநிலத்தின் ஒரு நாளைப் பாருங்கள். 2024 மே தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. கோடைப் பகலில் ஏசி ஓடுகிற நேரம் வெயிலும் உச்சத்தில் இருக்கும், சோலார் தாங்கிவிடும். நண்பகலில் கரண்ட் உபரியாகவும் ஆகலாம். அப்போது கரி நிலையங்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் கொதிகலனை அடுப்பு மாதிரி அணைத்துப் பற்றவைக்க முடியாது. பாதிக்குச் சற்று மேலே பிடித்து ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் மாலையில் ஏற்ற முடியும். ஐந்து மணிக்கு மேல் சோலார் மளமளவென்று இறங்க, தேவை ஏற, இரண்டு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் போடுவது இதற்காகத்தான்.

அந்த மாலை நேரத்துக்காக மட்டும் புதிய கரி நிலையம் கட்டலாமா? கட்டலாம், ஆனால் கட்டணத்தில் நிலையான செலவு என்று ஒரு பகுதி உண்டு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஐந்து மணி நேரம் ஓட்டுவதற்கு இருபத்து நாலு மணி நேர வாடகை. கல்யாணத்துக்கு ஒரு நாள் தேவைப்படும் மண்டபத்தை வருடம் முழுக்க வாடகைக்கு எடுக்கிற கணக்கு.

கடம்பாறை பக்கம் பேச்சு திரும்புவது இங்கேதான். ஆனைமலையில் 1980-களின் கடைசியில் வந்த 400 மெகாவாட் நீரேற்று நிலையம். கரண்ட் மிச்சமான நேரத்தில் கீழே மேல் ஆழியாற்றிலிருந்து தண்ணீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றி வைத்து, தேவையான நேரத்தில் இறக்கிவிட்டால் மின்சாரம். நாலு யூனிட் போட்டால் மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். இப்படிப்பட்ட நிலையங்கள் கரி யுகத்தில் இரவில் தண்ணீரை ஏற்றின, இரவில்தான் கரண்ட் மிச்சம். இப்போது மிச்சம் நண்பகலில். அதே பம்பு, அதே அணை, கடிகாரத்தை மட்டும் திருப்பி வைத்தால் போதும். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டில் கட்டப்படுவதும் இதற்கே. மலையில் இதற்குத் தோதான இடங்கள் சிலவே, அவையும் காட்டுக்குள். மிச்சத்தைப் பேட்டரிதான் தாங்க வேண்டும். அதன் விலை பேனல் போலவே சரிந்துகொண்டிருக்கிறது, ஆயுள் பேனலைவிடக் குறைவு.

இன்னொரு குறையைப் பலரும் சொல்வதில்லை. கரி, அணு, புனல் நிலையங்களில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலிகள் சுற்றுகின்றன. கம்பியில் ஏதாவது குலுக்கல் வந்தால் அந்தச் சுழற்சியின் வேகம் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். சோலார் பேனலில் சுற்றுவது எதுவும் இல்லை. இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை என்பதால் தேவை குறைவு, சோலார் நிறைய. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறிக் கோளாறு செய்ய, நாடு முழுக்கக் கரண்ட் போனது. நுரைச்சோலைக் கரி நிலையத்தின் அலகுகளும் நின்றுபோக, அடுத்த சில நாட்கள் மின்வெட்டு. பழியெல்லாம் குரங்கின் தலையில் விழுந்தது. கட்டமைப்பில் தாங்கிப் பிடிக்கும் எடை குறைந்திருந்தது என்பதுதான் முக்கியமான செய்தி. அதற்கும் தீர்வுகள் உண்டு: பேட்டரியோடு வரும் சிறப்பு இன்வெர்ட்டர், சும்மா சுற்றவிடும் சுழலி. பேனலோடு சேர்த்து அதற்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும் என்பதைத் திட்டம் போடும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆக மாநிலத்துக்கு நான் எதைத் தேர்வேன்? இருக்கும் கரி நிலையங்களை அவசரப்பட்டு மூடச் சொல்ல மாட்டேன். காற்றும் வெயிலும் சேர்ந்து மங்குகிற ஐப்பசி, கார்த்திகைக்கு அவை வேண்டும். புதிதாகக் கரி நிலையம் தொடங்கச் சொல்லவும் மாட்டேன். உடன்குடியின் 1,320 மெகாவாட் கரி நிலையம் பேச்சிலிருந்து கட்டுமானத்துக்கு வரவே எத்தனை ஆண்டு ஆனது! அடுத்த பணம் பழைய காத்தாடி மாற்றத்துக்கும் சேமிப்புக்கும் கம்பிக்கும் போகட்டும். பேனல் தானாக வந்துவிடும், அதன் விலையே இழுத்து வரும். விவசாய பம்புகளைப் பகலுக்கு முழுதாக மாற்றினால் அதுவே பாதி பேட்டரி. இரவு பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்தபடி மோட்டார் போடப் போன விவசாயி வேண்டாம் என்றா சொல்வார்?

வீட்டுக்கு என்ன செய்வது என்றால், பில்லை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டில், நூறு யூனிட் இலவசம் போக, சோலாருக்குப் போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும். விட்டுவிடலாம். ஏசி ஓடி ஐந்நூறு, அறுநூறு என்று போகிற வீட்டுக்கு லாபம். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும், பக்கத்து வீட்டுத் தென்னை வளருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று: பேட்டரி இல்லாத சாதா சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் முதல் தடவை பட்டப்பகலில் கரண்ட் போய், மாடியில் வெயில் கொளுத்த, ஃபேன் நின்றபோது என் மனைவி பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

மச்சினனுக்கு வருகிறேன். காத்தாடிப் பங்கு பெரிய மில்காரர்களுக்குப் பழகின வழி. இருபது தறிக்காரனுக்கு அதன் காகித வேலையே பாதித் தறியைத் தின்றுவிடும், வேண்டாம் என்றேன். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் இருப்பதால் அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் கணக்குப் போடச் சொன்னேன். தறிக்கூடத்தின் கூரை சிமென்ட் ஷீட், பேனல் எடையைத் தாங்குமா என்பதில் ஒரு மாதம் போனது. கடைசியில் கூடத்தை ஒட்டிய கான்கிரீட் கட்டடத்தின் மேல் பத்து கிலோவாட் மட்டும் போட்டிருக்கிறான்.

அதைவிடப் பெரிய மாற்றம் பேனலில் இல்லை. தார் ஓட்டுவது, அதாவது தறிக்கு ஊடைநூல் சுற்றும் வேலை, முழுக்கப் பகலுக்கு வந்துவிட்டது. இரவு ஷிப்ட் பத்துத் தறியோடு நிற்கிறது. போன வாரம் கேட்டேன், எப்படிப் போகிறது என்று. "பில்லு குறைஞ்சுது மாமா. ஆனா பகல்ல வர்றதுக்கு ஆள்தான் கிடைக்க மாட்டேங்குது" என்றான்.